தகரக் கூரையில் மழை பெய்தால் எனக்குக் களைக்கிறது

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். 2022இல் டெங்குக் காய்ச்சல் வந்து தேறிய பிறகும் களைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மலையகத்துப் பெண் களைப்பு என்றால் இரத்தசோகை என்றே முதலில் நினைப்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் எனக்கு ஹீமோகுளோபின், தைரொயிட் இரண்டும் சரியாகவே இருந்தன. தினமும் நடந்து, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி சொல்லி அனுப்பினார்கள். நடந்தேன், வாரத்துக்கு வாரம் மோசமானேன்.

களைப்பைவிட என்னைத் திகைக்க வைத்தது, உடம்பு எதையும் பொறுக்க மறுத்ததுதான். லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத் தகரக் கூரையில் கொட்டும் மழையைக் கேட்டே உறங்கி வளர்ந்த நான், அந்தச் சத்தம் தாளாமல் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கருவாடு பொரிக்கும் வாசனை குமட்டியது. இறுக்கிப் பின்னிய சடைகூட வலித்தது. "மலையேறிக் கொழுந்து பறிக்கிற நானே நிக்கிறேன், நெழல்ல நின்னு பாடம் சொல்லிக் குடுக்கிற ஒனக்கு என்னடி களைப்பு?" என்றார் அம்மா.

பிறகு கண்டியில் பார்த்த வைத்தியர் என்னைப் படுக்க வைத்து நாடி பார்த்தார்: 74. எழுந்து பத்து நிமிடம் நின்றதும் 109. நிற்கும்போது 30க்கு மேல் துடிப்புக் கூடுவது, இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலம் தடுமாறுவதைக் காட்டலாம் என்றார். மூளையும் முள்ளந்தண்டு வடமும் சாதாரணத் தூண்டலையும் பெருக்கி உணரும் நிலை, வலியைப் பொறுத்தவரை 1983 முதலே ஆய்வுகளில் விவரிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இருப்பதாக அவர் சொன்ன நாட்பட்ட களைப்பு நோய்க்கும் (ME/CFS) அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன்.

அவர் சொன்னபடி நாட்குறிப்பு எழுதியபோதுதான் கணக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நின்றேன், சனிக்கிழமை ஒன்றுமில்லை, ஞாயிறு காலை சீப்பைத் தூக்கக் கை வரவில்லை. உழைப்புக்குப் பின் ஒன்றிரண்டு நாள் தள்ளி வரும் இந்தச் சரிவே இந்நோயின் முக்கிய அடையாளமாம். பிரித்தானியாவின் 2021ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டல், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்நோய்க்குப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எத்தனை நடை மிஞ்சியிருக்கும்!

இப்போது காலைக் கூட்டத்தில் கதிரையில் அமர்கிறேன், காதில் பஞ்சு வைக்கிறேன். களைப்பு இருக்கிறது, சரிவுகள் குறைந்திருக்கின்றன. 'சோம்பல்' என்ற சொல்லை அம்மா இன்னும் விடவில்லை. ஆனால் சென்ற வைகாசியில் மழை பிடிப்பதற்கு முன், அடுப்புப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, கூரைக்கு அடியில் உரச்சாக்குகளை இரண்டு மடிப்பாக அவரே கட்டிவிட்டார்.