திருமணப் படத் தொழிலில் ஃபோட்டோஷாப், லைட்ரூமை விட்டுக் கட்டணமற்ற மென்பொருளுக்கு மாற முடியுமா?

கேள்வி

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் திருமணம், வளைகாப்பு, காதணி விழா ஆகியவற்றுக்குப் படமெடுக்கும் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன். ரா கோப்புகளை (கேமரா பதியும் மூலக் கோப்புகளை) லைட்ரூமில் சீராக்கி, ஆல்பத்தை ஃபோட்டோஷாப்பில் வடிவமைப்பது எங்கள் வழக்கம். முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்கூட இரண்டு பேருக்குச் சந்தா கட்ட வேண்டியிருப்பதால், கட்டணமற்ற மென்பொருளுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். திருட்டுப் பதிப்பு வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். லைட்ரூமில் செய்து வைத்திருக்கும் பழைய திருத்தங்கள் என்னவாகும், காசு கொடுத்து வாங்கிய பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) ஆல்பம் டெம்ப்ளேட்டுகள் கட்டணமற்ற படத்திருத்த மென்பொருளான கிம்ப்பில் சரியாகத் திறக்குமா, நான்கு மை அச்சுக்கான சிஎம்ஒய்கே வண்ணமுறை இல்லாமல் அச்சுக்கு அனுப்ப முடியுமா என்பவைதான் என்னைத் தயங்க வைக்கின்றன.

மறுமொழி 1

பழைய திருத்தங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் பலரும் சறுக்குவது அங்கேதான். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் படங்களைப் பார்க்கவும் எக்ஸ்போர்ட் செய்யவும் முடியும். திருத்தம் செய்யும் டெவலப் பகுதிதான் பூட்டிக்கொள்ளும். ஆயினும் சந்தா இருக்கும்போதே எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, மெட்டாடேட்டாவைக் கோப்பில் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு ரா கோப்பின் அருகிலும் திருத்தக் குறிப்புகளைத் தாங்கிய ஓர் எக்ஸ்எம்பி கோப்பு உருவாகும். லைட்ரூமுக்கு மாற்றான கட்டணமற்ற மென்பொருள் டார்க்டேபிள், அதிலிருந்து நட்சத்திர மதிப்பீடு, வண்ணக்குறி, குறிச்சொற்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். கிராப், எக்ஸ்போஷர் போன்ற சிலவற்றை ஏறத்தாழக் கொண்டுவரும். நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த தோல் நிறமும் பட்டுப்புடவையின் சிவப்பும் அப்படியே வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மென்பொருள்களின் கணக்கீட்டு முறையே வேறு. ஆகவே ஒப்படைத்து முடிந்த வேலைகளை 16 பிட் டிஃப் கோப்புகளாகவோ உயர்தர ஜேபெக் கோப்புகளாகவோ வெளியே எடுத்து வைத்துவிட்டு, புதிய வேலைகளை மட்டும் டார்க்டேபிளில் தொடங்குவதே நல்லது.

டார்க்டேபிளில் முதலில் திறக்கும்போது படம் சோகையாகத் தெரியும்; பலர் அந்த இடத்திலேயே வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். 2024 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில், கேமரா தரும் ஜேபெக்கின் தோற்றத்தை நெருங்கும் ஸ்டைல்கள் 500-க்கும் மேற்பட்ட கேமராக்களுக்குச் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் கேமராவுக்குரியதிலிருந்து தொடங்கினால் பாதி அலுப்பு குறையும். நிக்கான் இசட்8 அல்லது இசட்9 வைத்திருந்தால், ஹை எஃபிஷியன்சி சுருக்கத்தில் எடுக்காமல் லாஸ்லெஸ் முறையில் எடுங்கள், ஏனெனில் முன்னதை டார்க்டேபிள் 5.0 திறப்பதில்லை.

மறுமொழி 2

சிஎம்ஒய்கே குறித்த அச்சம் ஆல்பத்தைப் பொறுத்தவரை தேவையற்றது. ஃபோட்டோ பேப்பரில் ஆல்பம் போடும் லேப்கள் பொதுவாகக் கேட்பது எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான வழக்கமான ஆர்ஜிபி வண்ணமுறை) ஜேபெக்தான். 12-க்கு 36 அங்குலத் தாளுக்கு 300 டிபிஐயில் 3600-க்கு 10800 பிக்சல் வேண்டும். இதைக் கிம்ப் சிரமமின்றிச் செய்யும். ஆஃப்செட்டில் அச்சாகும் அழைப்பிதழ்தான் வேறு கதை. 2025 மார்ச்சில் வெளியான கிம்ப் 3.0, படத்தை ஆர்ஜிபியிலேயே வைத்துக்கொண்டு, அச்சகம் தரும் வண்ண ப்ரொஃபைலைக் கொண்டு திரையில் ஒத்திகை காட்டி, சிஎம்ஒய்கே டிஃப்பாக எக்ஸ்போர்ட் செய்யும். ஆனால் எழுத்தையும் அதிலேயே வைத்தால் கறுப்பு எழுத்து நான்கு மைகளிலும் கலந்து விழக்கூடும் என்பதால், படத்தை மட்டும் கிம்ப்பில் முடித்துவிட்டு எழுத்தை, பக்க வடிவமைப்புக்கான கட்டணமற்ற மென்பொருளான ஸ்கிரைபஸில் அமைப்பதே முறை.

டெம்ப்ளேட் விஷயத்தில் உங்கள் தயக்கம் நியாயமானதுதான். கிம்ப் பிஎஸ்டியைத் திறக்கும், அடுக்குகளும் பெரும்பாலும் தனித்தனியே நிற்கும். ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுகளும் (உள்ளே இருக்கும் படத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய அடுக்குகள்) எழுத்து அடுக்குகளும் வெறும் படமாகிவிடும். மணமக்கள் பெயரை மாற்ற வேண்டுமானால் அந்த அடுக்கை நீக்கிவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். தமிழ் யூனிகோட் எழுத்துகளைக் கிம்ப் கொம்பும் காலும் சிதறாமல் காட்டும் என்பதால் அது பெரிய தொல்லையாக இருக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் வழக்கம்போல் இயங்கும்.

மறுமொழி 3

மேலே சொன்னவை சரியே, ஆனால் முழுநேரத் தொழிலுக்குக் கிம்ப்பை மட்டும் நம்புமாறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெம்ப்ளேட்டே உங்கள் பிழைப்பு என்றால், பிரவுசரில் இயங்கும் ஃபோட்டோபியாவைப் பாருங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டை அது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாகவே திறக்கிறது, படங்களும் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை, விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும். கேன்வா நிறுவனம் 2024-இல் வாங்கிய அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளும் 2025 அக்டோபர் முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிஎம்ஒய்கே அதில் இயல்பாகவே உண்டு. இவ்விரண்டும் திறமூல மென்பொருள்கள் அல்ல. இன்று இலவசமாகத் தருபவர் நாளை மனம் மாறினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அழைப்பிதழ் வேலை எங்களுக்குக் குறைவு, எனவே டார்க்டேபிளையும் கிம்ப்பையும் வைத்துத் தொடங்கிவிட்டு, பழைய டெம்ப்ளேட்டுகளுக்கு மட்டும் ஃபோட்டோபியாவைப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை 4-க்கு 6 அங்குலத் தாளில் எட்டாக அடுக்க ஃபோட்டோஷாப்பில் ஓர் ஆக்ஷன் பதிந்து வைத்திருந்தோம். கிம்ப்பில் அதற்கு என்ன வழி?

மறுமொழி 2

செய்வதைப் பதிந்துகொண்டு திரும்பச் செய்யும் ஆக்ஷன் வசதி கிம்ப்பில் இல்லை. பைத்தானில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் இந்த ஒரு வேலைக்கு அது வேண்டியதில்லை. 35-க்கு 45 மில்லிமீட்டர் படத்தை 413-க்கு 531 பிக்சலாகக் கிம்ப்பில் வெட்டி எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பிறகு இமேஜ்மேஜிக் என்ற கட்டணமற்ற மென்பொருளின் மாண்டேஜ் கட்டளையில் அதே கோப்பை எட்டு முறை கொடுத்து, நான்குக்கு இரண்டு என்று அடுக்கச் சொன்னால், 1800-க்கு 1200 பிக்சல் தாளில் வெட்டுவதற்கு இடைவெளியும் விட்டு அடங்கிவிடும். அந்தக் கட்டளையை ஒரு பேட்ச் கோப்பில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டால், கடையில் உதவிக்கு இருப்பவர் படத்தை இழுத்து அதன்மேல் போட்டாலே தாள் தயாராகிவிடும்.