1964 தனுஷ்கோடி புயல்: தாத்தாவின் தந்தியை வைத்து எங்கே தேடுவது?

பரமக்குடிப் பேத்தி:
அம்மாவைப் பெற்ற தாத்தா தனுஷ்கோடி ஸ்டேஷனில் போர்ட்டர். போட் மெயில் ரயிலில் வந்து கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போகிறவர்களின் பெட்டிகளைச் சுமந்தவர். போன மாதம் வீட்டை ஒழித்தபோது அவருடைய தகரப் பெட்டியில் ஒரு தந்தியும் ஒரு போட்டோவும் கிடைத்தன. தந்தியில் "சேஃப் லெட்டர் ஃபாலோஸ்" (நலம், கடிதம் பின்னால் வரும்) என்று மூன்றே சொல். முத்திரையில் மை பரவித் தேதி தெரியவில்லை. போட்டோவில் கடலுக்குள் வரிசையாகத் தூண்கள், பல தூண்களின் மேல் எதுவுமே இல்லை. டிசம்பர் 22 ராத்திரி அவர் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் எழுந்து போய்விடுவாராம். பழைய பேப்பர்களில் தேடலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கட்டுக்கடத்தி:
அம்மா, நான் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவன், 2013 ஜூலையில் சேவையை மூடுகிற வரை இருந்தேன். அந்த மூன்று சொல்லுக்கு மேலே உள்ள வரியைப் பாருங்கள். எந்த ஆபீசில் கொடுத்தது, தேதி, நேரம், எத்தனை சொல், எல்லாம் அதில் இருக்கும். முத்திரை உங்கள் ஊரில் பட்டுவாடாவின்போது குத்தியது. கொடுத்த ஆபீஸ்தான் முக்கியம், ஏனென்றால் புயலில் கம்பிகள் அறுந்து ராமேஸ்வரம் தீவுக்கும் வெளியுலகுக்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று.

பழைய பேப்பர் பிரியன்:
23ஆம் தேதி இதழில் ரயில் செய்தியைத் தேட வேண்டாம். தனுஷ்கோடிக்கு அருகில் அலையில் அடித்துப்போன 653ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில் பாம்பனிலிருந்து கிளம்பியதே 22ஆம் தேதி இரவு 11.55க்கு. 24இல் தொடங்கி ஜனவரி பாதி வரை ஒரு நாள் விடாமல் புரட்டுங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள், தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் விசாரியுங்கள். ரயிலில் 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள், டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் ஒரு நாள் பேப்பரில் பார்த்த எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள், ஒவ்வொரு நாளும் என்ன போட்டிருக்கிறது என்று தேதியோடு குறித்து வையுங்கள்.

அப்புறம் போட்டோ. அது பாம்பன் பாலமாக இருந்தால் உங்களுக்குத் தேதியே கிடைத்த மாதிரி. தூண்களின் மேல் இருந்த இரும்புக் கர்டர்கள் கடலில் விழுந்தன, கப்பலுக்காகத் திறக்கும் ஷெர்சர் பகுதி தப்பியது. ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில், கடலடியிலிருந்து எடுத்த கர்டர்களையும் வைத்துப் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆக வெறும் தூண்கள் தெரிகிற படம் என்றால் புயலுக்குப் பிந்தைய அந்தச் சில வாரங்களுக்குள் எடுத்தது. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா?

மன்னார்க்காரன்:
அக்கரைப் பேப்பர்களையும் பாருங்கோ. அந்தப் புயல் முதலில் எங்கள் வட பகுதியைத்தான் அடித்தது, பிறகுதான் தனுஷ்கோடி. அம்மம்மா அந்த இரவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் விடியும். கொழும்பு வீரகேசரி, யாழ்ப்பாணத்து ஈழநாடு இரண்டிலும் தேடலாம், 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய இதழ்கள் நிறைய ஸ்கேன் செய்து கிடக்கின்றன. ஆனால் சொல்லைத் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காமல் போகலாம். 'தலைமன்னார்' என்பதில் வருகிற லை, னா இரண்டும் அப்போது பழைய வடிவத்தில்தான் அச்சாகும், கணினி அதைத் தவறாக வாசிக்கும். பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பரமக்குடிப் பேத்தி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொடுத்த ஆபீஸ், பாலத்துக்கு இக்கரையில் இருக்கிற மண்டபம் ஊர், தேதி 26. அப்படியென்றால் நாலு நாள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது, படித்துக் காட்டியதும் அழுதுவிட்டார். போட்டோவின் பின்னால் முத்திரை இல்லை, பென்சிலில் ஐந்து பெயர்கள் மட்டும் இருக்கின்றன, தாத்தாவின் பெயர் அதில் இல்லை. அடுத்த வாரம் கன்னிமாரா போகிறேன், அந்த ஐந்து பேரையும் பேப்பரில் தேட வேண்டும்.