கமாண்ட் லைன் கருவிகளுக்குக் கோடு (நிரல்) அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

நீங்கள் அனுப்பும் பேட்ச், அதாவது கோடில் செய்த திருத்தம், திரும்பி வருவதற்குப் பல நேரம் காரணம் லாஜிக் அல்ல, அவுட்புட். கருவி அச்சிடும் வரியை எங்கோ ஒரு ஸ்கிரிப்ட் படித்துக்கொண்டிருக்கும். அதனால் கேட்ட விடை மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குப் போகட்டும். எச்சரிக்கை, பிழைச் செய்தி, எவ்வளவு முடிந்தது என்ற தகவல் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்கு. கலர் சேர்ப்பதாக இருந்தால், எதிரே இருப்பது டெர்மினலா, வெளியீட்டை வேறொரு கருவிக்குக் கொண்டுபோகும் பைப்பா என்று முதலில் சோதியுங்கள்.

கருவி முடியும்போது திருப்பித் தரும் எண்ணான எக்சிட் கோடில் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஃபைலில் வரி தேடும் கிரெப்பில் வரி கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை என்றால் 2. இந்த 1-ஐயும் 2-ஐயும் ஒன்றாக்கிவிட்டால், "தேடியது இல்லை" என்பதற்கும் "ஃபைலையே திறக்க முடியவில்லை" என்பதற்கும் ஸ்கிரிப்டுக்கு வித்தியாசம் தெரியாது.

*

அவுட்புட் பற்றிச் சொன்னதால் இது. கருவியின் வெளியீட்டை பைப் வழியாக, முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் ஹெட்டுக்கு அனுப்பி, ஒரே ஒரு வரி கேட்டுப் பாருங்கள். ஹெட் தன் வரியை எடுத்துக்கொண்டு மூடிவிடும். கருவி தொடர்ந்து எழுதப் போய் மாட்டிக்கொள்ளும். பைத்தானில் புரோக்கன் பைப் எரர் நீளமான டிரேஸ்பேக்கோடு வரும். ரஸ்ட்டில் பிரின்ட்லைன் மேக்ரோ பேனிக் ஆகும். இரண்டுமே தொடங்கும்போதே, படிக்கும் பக்கம் மூடிய பைப்பில் எழுதினால் வரும் சிக்பைப் சிக்னலைப் புறக்கணிப்பதுதான் காரணம். அந்த ஒரு பிழையை மட்டும் பிடித்து, சத்தமில்லாமல் வெளியேறச் செய்தால் போதும்.

டெஸ்ட் எழுதும்போது வெளியீடு பெரிதாக இருக்க வேண்டும். லினக்ஸில் பைப் பஃபர் வழக்கமாக 64 கேபி. அதற்குள் அடங்கும் வெளியீட்டில் பெரும்பாலும் பிழை தலைகாட்டாது, டெஸ்ட் வீணாகப் பச்சை காட்டும்.

*

ஃபைல் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் சாய்கோடும் நல் (பூஜ்ய மதிப்புள்ள) பைட்டும் தவிர எதுவும் பெயரில் வரலாம்: இடைவெளி, புதுவரி, முதலிலேயே ஹைஃபன், யூடிஎஃப்-8 அல்லாத பைட்டுகள்.

நம் எழுத்தைக் கொண்டே ஒரு நல்ல டெஸ்ட் எழுதலாம். "கொ" என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் 2 கோட் பாயின்ட் (குறியீட்டு எண்), யூடிஎஃப்-8-இல் 6 பைட். பைட் கணக்கில் பெயரை வெட்டும் கருவி பாதி எழுத்தில் உடைக்கும். கோட் பாயின்ட் கணக்கில் வெட்டினால் "க" மட்டும் மிஞ்சும். அட்டவணை போடும் கருவிகளில் பத்திகள் கோணலாவதும் இதனால்தான். இதைச் சரிசெய்யும் பேட்ச் சிறியதாக இருந்தாலும் உண்மையிலேயே தேவையானது, தயங்காமல் அனுப்புங்கள்.

*

கிட் பக்கம் சில. ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு மாற்றம்தான். ஃபார்மேட்டர் ஓடி 40 ஃபைல் மாறியிருந்தால், ரிவ்யூ செய்பவருக்கு நீங்கள் திருத்திய 3 வரி கண்ணில் படாது. முன்பு வேலை செய்தது இப்போது உடைந்திருந்தால் கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டுங்கள். 1,000 கமிட்டுகளுக்குள் ஏறக்குறைய 10 சோதனையில் குற்றவாளி கமிட் கிடைக்கும். கோடை அனுப்ப உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் "சைன்டு ஆஃப் பை" வரி கேட்கும் திட்டங்களில் அது இல்லாத கமிட் ஒன்று இருந்தாலும் சிஐ (தானியங்கிச் சோதனை) சிவப்பாகும்; சைன்ஆஃப் விருப்பத்தோடு ரீபேஸ் செய்தால் எல்லாவற்றிலும் ஏறிவிடும். பிறகு புஷ் செய்யும்போது வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்கள். அதே கிளையில் வேறொருவர் ஏற்றி, நீங்கள் இன்னும் ஃபெட்ச் செய்யாத கமிட் அழியாது.

புதிய ஃபிளாக் என்றால் கோடு எழுதுமுன் இஷ்யூ திறந்து கேளுங்கள். ஓரெழுத்து ஃபிளாக்கை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெறுவது கடினம், அதனால் பராமரிப்பாளர்கள் நீளப் பெயரையே விரும்புவார்கள். ஹெல்ப் உரை, மேன் பேஜ், பாஷ், ஜீஷெல், ஃபிஷ் கம்ப்ளீஷன் ஃபைல்கள் எல்லாம் கூடவே மாற வேண்டும். சேமித்து வைத்த வெளியீட்டோடு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் டெஸ்ட் உடைந்தால் அப்டேட் கட்டளையை உடனே அழுத்தாமல் டிஃப்பை வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் தொடாத சப்கமாண்டின் ஹெல்ப்பும் அதில் மாறியிருக்கக்கூடும்.