எனாமல் பாத்திரத்துக்குக் கலைச்சொல்: ‘மங்கு’ இருக்கையில் புதுச்சொல் எதற்கு?

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

சமையல் பாத்திரங்களுக்கு இடும் எனாமல் பூச்சைத் தமிழில் எப்படிச் சொல்வது என்னும் இந்த இழையில் ‘கண்ணாடிப்பூச்சு’, ‘மிளிரி’, ‘சிப்பிப்பூச்சு’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் பொருளறிந்து ஆக்கப்பட்டவைதாம். ஆனால் காரைக்குடிப் பக்கத்துக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. நாம் தேடும் பொருளுக்குச் செட்டிநாட்டு அடுப்படியில் முன்பே பெயர் இருக்கிறது. அதை ‘மங்கு’ என்பார்கள்.

என் ஆயா (பாட்டி) வீட்டுச் சாமான் அறையில் பித்தளை ஒரு பக்கம், வெண்கலம் ஒரு பக்கம், மங்குச் சாமான் தனியாக ஒரு பக்கம் என்று அடுக்கியிருக்கும். அவற்றுள் நீலக் கரையிட்ட வெள்ளைத் தட்டு ஒன்று இன்று என்னிடம் உள்ளது. அதன் அடியில் சுவீடன் நாட்டு முத்திரை மங்கலாகத் தெரிகிறது. கரையில் மிளகளவு தெறித்த இடத்தை உற்றுப் பார்த்தால், வெள்ளைக்குக் கீழே கருநீலமாக ஓர் அடுக்கும், அதற்கும் கீழே துருவேறிய இரும்பும் தெரியும். அந்தக் கருநீலம் அழகுக்காக வந்ததன்று. எனாமல் என்பது உருக்கிப் பூசிய கண்ணாடிதான்; அது இரும்பைப் பற்றிக்கொள்வதற்காக முதற்பூச்சில் கோபால்ட் ஆக்சைடு சேர்ப்பதால் வரும் நிறம் அது. அதன்மேல் வெள்ளைப் பூச்சிட்டு, ஏறத்தாழ 750 முதல் 850 பாகை செல்சியஸ் வரை சூளையில் சுட்டெடுக்கும்போது கண்ணாடித்தூள் உருகித் தகட்டோடு ஒன்றிவிடுகிறது. புளிக்கரைசலையும் மோரையும் ஆயா மங்குக் கிண்ணத்தில்தான் ஊற்றிவைப்பார்; பித்தளையில் ஊற்றினால் களிம்பேறும், மங்கில் புளி தொடுவது கண்ணாடியைத்தான்.

சொல்லின் வரலாற்றுக்கு வருகிறேன். மலாய் மொழியில் கிண்ணத்துக்கு ‘மங்குக்’ என்றும் ‘மங்கோக்’ என்றும் பெயர். அம்மொழியில் சொல்லின் இறுதியில் வரும் ககர ஒலி தொண்டையிலேயே அடைபட்டு நின்றுவிடும். தமிழ்க் காதுக்கு அது கேட்பதே அரிது. கேட்காத மெய்யை விட்டுவிட்டுக் கேட்டதைக் குற்றியலுகரமாக முடித்தால் கிடைப்பது ‘மங்கு’. நகரத்தார் மலாயாவுக்குக் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போனதும் பினாங்கில் 1857-இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியதும் நாம் அறிந்தவை. சரக்கு வந்த கப்பலில் அதன் பெயரும் வருவது புதிதன்று. மலாய் ‘சாகு’தான் நம்மிடம் சவ்வரிசியாக நிற்கிறது.

இதைவிட வலுவான சான்றாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. மலாய்க்காரர்கள் பாத்திரம் பண்டங்களைப் பொதுவாகக் குறிக்க ‘பிங்கான் மங்குக்’ என்று இணைமொழியாகவே சொல்வார்கள். பிங்கான் என்றால் தட்டு. அது பாரசீகத்திலிருந்து பரவிய சொல், நம் ‘பீங்கா’னுக்கு உடன்பிறப்பு. அடுக்குச்சட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மங்குக் திங்காட்’, அதாவது அடுக்குக் கிண்ணம். எனாமல் பூசிய அடுக்குச்சட்டிகள் அங்கே பெருவழக்கு. ஆகவே கிண்ணம் என்னும் வடிவப்பெயர், அக்கிண்ணம் எதனால் ஆனதோ அதற்கு ஆகிவந்திருக்கிறது என்பதே என் துணிபு. செட்டிநாட்டில் சிலர் பீங்கானையும் சேர்த்தே மங்கு என்பதுண்டு. ஆனால் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையொன்றில் நான் ‘எனாமல் தட்டு’ என்று கேட்டபோது, “மங்கா, பீங்கானா அண்ணே?” என்று திருப்பிக் கேட்ட கடைக்காரர், ஒரு தட்டை எடுத்துச் சிறு காந்தத்தை ஒட்டிக் காட்டி, “ஒட்டுச்சுன்னா மங்கு” என்றார். கலைச்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான வரையறையை நாம் எழுதிவிடப் போவதில்லை.

மறுப்புகளும் வந்துள்ளன. பளபளப்பான பொருளுக்கு ‘மங்குதல்’ என்னும் வினையை நினைவூட்டும் பெயர் பொருந்துமா, முகத்தில் படரும் மங்கும் மங்கு சனியும் நினைவுக்கு வாராவா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்குப் புணர்ச்சி இலக்கணமே விடை தருகிறது. ‘மங்கு பூச்சு’ என்று ஒற்று மிகாமல் எழுதினால் அது வினைத்தொகை, மங்குகிற பூச்சு. ‘மங்குப் பூச்சு’ என்று ஒற்று மிகுந்தால் முன்னிற்பது பெயர். இரும்புத்தூள், பஞ்சுப்பொதி போல. ஒற்றை விட்டுவிடும் நம்மவர் பழக்கம் இங்கே பொருளையே கெடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. பிறமொழிச் சொல்தானே என்னும் மறுப்பைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை: பீங்கானை ஏற்றவர்கள் மங்கை மட்டும் வாசலில் நிறுத்துவது முறையன்று.

‘கண்ணாடிப்பூச்சு’ என்றால் கண்ணாடிமேல் பூசியதா, கண்ணாடியால் பூசியதா என்ற ஐயம் எழுகிறது. ‘மிளிரி’யும் ‘சிப்பி’யும் பல்லின் எனாமலுக்கு முன்பே வழங்குபவை, அவை அங்கேயே இருக்கட்டும்.

ஆகவே பாத்திரத்துக்கு ‘மங்குக்கலம்’, பூச்சுக்கு ‘மங்குப்பூச்சு’, சூளைக்குப் போகும் கண்ணாடித்தூளுக்கு ‘மங்குத்தூள்’, இரும்பைப் பற்றும் முதல் அடுக்குக்கு ‘பற்றுப்பூச்சு’ என முன்மொழிகிறேன். ஒட்டாத் தவாக்களின் பூச்சு வேறு வகை. அதை இவற்றோடு சேர்க்க வேண்டாம். பூச்சு சில்லாகப் பெயர்வதைக் குறிக்க ‘உதிர்தல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சுண்ணாம்புதான் உதிரும், மங்கு தெறிக்கும். அவ்விடத்தில் ‘தெறிப்பு’ என்று திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்