கிருஷ்ணாபுரம் ரதி சிலைய பிள்ளையளுக்கு எப்படி காட்டுதது?

பாளை_ட்ராயிங்டீச்சர்:
பாளைல ஒரு ஸ்கூல்ல ட்ராயிங் எடுக்கேன். ஒம்பதாங்கிளாஸ் பிள்ளையள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு ஸ்கெட்ச் போட கூட்டிட்டுப் போலாம்னு ஒரு யோசன, திருச்செந்தூர் ரோடுதான, பக்கம். அங்க மண்டபத்துல வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன்னு நாயக்கர் காலத்து வேல எவ்வளவு இருக்கு, ஆனா நான் போயிருந்தப்ப பயலுவ கூட்டம் பூரா ரதி முன்னாடிதான், பக்கத்துல நின்னு ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே செல்ஃபி. இத ஸ்டாஃப் ரூம்ல சொன்னா ஒரு சார் "செதுக்குனவனே ரசிச்சுத்தான செதுக்கியிருக்கான், பாக்கவன் பாத்தா என்ன"ங்காரு. இன்னொருத்தர் பொம்பளப் பிள்ளையள விட்டுட்டு பயலுவள மட்டும் கூட்டிட்டுப் போங்கங்காரு, அது எந்த ஊரு நியாயம்னு தெரியல. எனக்கு கேள்வி என்னன்னா, இந்த ஆண் பார்வை ஆண் பார்வைன்னு சொல்லுதாவள்ல, அது சிலையில இருக்கா, பாக்கவன் கண்ணுல இருக்கா? பதினாலு வயசுப் பிள்ளைக்கு புரியுத மாதிரி யாராவது சொல்லுங்க.

மேலரதவீதி:
டீச்சர், இந்தப் பேச்ச பெருசாக்கினது லாரா மல்வின்னு இங்கிலாந்துக்காரம்மா, 1975ல சினிமாவ வச்சு எழுதுனாவ. சினிமால மூணு பார்வை இருக்கு: கேமரா பாக்கது, தியேட்டர்ல நாம பாக்கது, படத்துக்குள்ள ஒருத்தர ஒருத்தர் பாக்கது. இந்த மூணும் ஆம்பள கண்ணாவே அமைஞ்சு போகுதுங்கதுதான் அவிய சொன்னது. நம்ம படத்த நெனச்சுப் பாருங்க, ஹீரோ வந்தா ஷூவுல தொடங்கி மூஞ்சிக்கு வரும், ஹீரோயின் வந்தா இடுப்புல தொடங்கும், மூஞ்சி வாரதுக்குள்ள டீக்கடையில நிக்கவன் வாயப் பொளந்துருவான், நாமளும் அவன் கண்ணு வழியாத்தான் பாத்தாகணும், பொம்பளையாளு டிக்கெட் எடுத்து உக்காந்திருந்தாலும் அதே கண்ணுதான். பிள்ளையளுக்கு இது டக்குனு புரியும்.

ஆனா சிலைய அதே கணக்குல சேக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது. கர்ணனுக்கும் அதே நகை, அதே வெத்து மார்புதான. அது போக அதே கோயில்ல குறவன் ராஜகுமாரிய தூக்கிட்டுப் போறதும் இருக்கு, குறத்தி ராஜகுமாரன தோள்ல தூக்கிட்டுப் போறதும் இருக்கு. பிள்ளையள அந்தக் குறத்திகிட்ட நிறுத்துங்க.

பணகுடி_அக்கா:
அண்ணாச்சி, குறத்தி ஆள தூக்குனாலும் இடுப்ப வளைச்சுத்தான நிக்கா. கர்ணன் மார்பு வீரத்துக்கு, ரதி மார்பு பாக்கவனுக்கு, ரெண்டும் ஒண்ணில்ல. சிலையிலயா கண்ணுலயான்னு டீச்சர் கேட்டாவள்ல, உளி யாரு கையில இருந்துச்சுன்னும் சேத்துக் கேக்கணும். நான் மெட்ராஸ்ல ஓவியம் படிச்சவ, எங்க ஹிஸ்டரி கிளாஸ்ல காட்டுன ஒரு படம் இன்னும் மறக்கல. லண்டன்ல ராயல் அகாடமின்னு ஓவியர், சிற்பிங்க சங்கம் 1768ல ஆரம்பிச்சப்ப அத தொடங்குனவியள்ல ரெண்டு பேரு பொம்பளைய, ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். மூணு நாலு வருஷம் கழிச்சு ஸோஃபனின்னு ஒருத்தர் மெம்பர்ல முக்காவாசிப் பேர சேத்து வரைஞ்சாரு, ஆம்பளைய எல்லாம் மாடல் ஆம்பளைய சுத்தி இருக்காவ, இந்த ரெண்டு பேரு மட்டும் சுவத்துல மாட்டுன படமா இருக்காவ. ஏன்னா துணியில்லாத மாடல் இருக்க ரூமுக்குள்ள பொம்பளைய வரப்படாதாம். மாடலா பொம்பள நிக்கலாமாம், வரையத்தான் கூடாதாம், எந்த ஊரு கூத்து இது! அதுக்குப் பொறவு 1936ல லாரா நைட் வார வரைக்கும் வேற ஒரு பொம்பளைய முழு மெம்பரா எடுக்கல. உங்க ஸ்டாஃப் ரூம் சார் "பயலுவள மட்டும் கூட்டிட்டுப் போங்க"ன்னது அச்சு அசல் அதேதான்.

கொடைக்காரன்:
லண்டன் எதுக்குக்கா, எங்க ஊர் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாங்க. நான் கமிட்டில இருக்கேன். கரகாட்ட செட்டு பேசும்போது நம்மாளுவ மொதல்ல கேக்கது வாட்ஸ்அப்ல போட்டோ, ஆட்டம் எப்படின்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். அதே சுடலைமாட சாமிக்கு கணியான் கூத்தும் வைக்கோம், அதுல ஆம்பளையாளுதான் சேலை கட்டி மகுடம்ங்க மேளத்துக்கு ஆடுவாவ, அண்ணாவி பாடுவாரு, ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். கரகத்துக்கு மட்டும் போன எடுத்து கீழ இருந்து வீடியோ. ஆனா நான் ஒண்ணு சொல்லுதேன், கூட்டம் கேக்கத நாம குடுக்கோம், அவியளுக்கும் அது தொழில்தான.

பெயர்_வேண்டாம்:
எங்க அம்மா கரகம் ஆடுனவ. தொழிலுன்னா தலையில கரகம் விழாம ஏணியில ஏறி எறங்குதது, குனிஞ்சு கண் இமையால ஊசி எடுக்கது. அதுக்கு எத்தன வருஷம் பழகணும் தெரியுமா? விடிய விடிய ஆடுவா, மறுநாள் யூட்யூப்ல பாத்தா ஊசியும் இருக்காது ஏணியும் இருக்காது, சுத்தும்போது பாவாடை எழும்புன பத்து செகண்ட் மட்டும் இருக்கும், தலைப்பு வேற வாயில வராத தலைப்பு. அந்தப் பத்து செகண்ட எங்க கிளாஸ்ல ஒருத்தன் எங்கிட்டயே காட்டுனான். அது தொழில்ல சேத்தியா அண்ணாச்சி? மேடையில ஏறி மைக்க பிடிச்சு "போன உள்ள வைங்கல, இல்லன்னா ஆட்டம் நிக்கும்"னு சொல்ல கமிட்டில ஒருத்தராலயும் முடியாதா?

கொடைக்காரன்:
சொல்லலாம் தாயி. சொன்னா சண்டை வரும், ஆனா சொல்லலாம்.

பாளை_ட்ராயிங்டீச்சர்:
எல்லாரையும் கூட்டிட்டுத்தான் போகப் போறேன், பயலுவளையும் பிள்ளையளையும். வரையுததுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் சிலைய எங்கருந்து எங்க பாத்தாவன்னு வரிசையா எழுதச் சொல்லப் போறேன், கர்ணனுக்கு ஒண்ணு, ரதிக்கு ஒண்ணு. மேலரதவீதி அண்ணாச்சி சொன்ன ஷூ, இடுப்பு கணக்க அதுக்குப் பொறவுதான் சொல்லணும், முன்னாடியே சொல்லிட்டா நல்ல பிள்ளையா நடிச்சு எழுதிருவாவ.

கொடைக்காரன் அண்ணாச்சி, உங்க கமிட்டில பொம்பளையாளு யாராவது உண்டா?

கொடைக்காரன்:
கிடையாது டீச்சர். தலைக்கட்டு வரி குடுக்கவியதான் கூட்டத்துல உக்கார முடியும், தலைக்கட்டுன்னா கல்யாணம் ஆன ஆம்பளைன்னு எங்க ஊர் கணக்கு.

பணகுடி_அக்கா:
புருஷன் இல்லாத வீட்டுல வரி வாங்க மாட்டியளா?

கொடைக்காரன்:
அரை வரி வாங்குவோம். கூட்டத்துக்கு மவன் இருந்தா மவன் வருவான். அடுத்த கூட்டம் வைகாசில, கேட்டுப் பாக்கேன், ஆனா தலைவரு எங்க பெரியப்பா, என்ன சொல்லுவாருன்னு கேக்காமலே எனக்குத் தெரியும்.