பிரின்டர் போய்விட்டது, அதன் ப்ராசஸ் மட்டும் போகவில்லை: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

தாள்சிக்கல்:
பழைய இன்க்ஜெட்டைத் தூக்கிப்போட்டு எட்டு மாதம் ஆகிறது, இப்போது வேறு கம்பெனியின் லேசர். நேற்று கணினி மெதுவாக இருக்கிறதே என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிரின்டர் சம்பந்தமாகவே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் ஐந்து. ஸ்பூல்எஸ்வி, எஸ்பிஎல்வாவ்64, ஒரு ஸ்டேட்டஸ் மானிட்டர், 'பிரின்டர் ஹெல்ப்பர்' என்று ஒன்று, கடைசியாக வெறும் எழுத்தும் எண்ணும் கலந்து வாயில் நுழையாத பெயரோடு ஒன்று. அந்தக் கடைசி ஆளை எண்ட் டாஸ்க் கொடுத்து அனுப்பினால் மறுபடி கணினியைப் போட்டதும் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் சந்தேகம் அதன் மேலும் வாவ்64 மேலும்தான். வைரஸா?

துடைப்பம்:
வைரஸோ இல்லையோ, எல்லாமே குப்பை. பிரின்டர் கம்பெனிகள் டிரைவர் என்று சொல்லித் தருவதில் டிரைவர் கால்வாசி, மிச்சம் மை வாங்கச் சொல்லும் விளம்பரமும் 'எங்கள் தரத்தை மேம்படுத்த' என்று உங்களை வேவு பார்ப்பதும். சர்வீசஸில் போய் பிரின்ட் ஸ்பூலரை டிசேபிள் செய்யுங்கள், அந்தக் கம்பெனி ஃபோல்டர்களை ஷிஃப்ட் டெலீட் அடியுங்கள். அச்சடிக்க வேண்டிய அன்றைக்கு ஸ்பூலரை ஆன் செய்துகொண்டால் போயிற்று.

வரிசைக்காரன்:
தாள்சிக்கல், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த பிரின்ட் ஸ்பூலர்தான் உங்கள் பட்டியலில் ஸ்பூல்எஸ்வி என்று தெரிகிறது. ஸ்பூல்எஸ்வி விண்டோஸின் சொந்தப் பிள்ளை, எந்தக் கம்பெனியும் கொண்டுவந்து வைத்ததில்லை. எந்த மென்பொருளில் பிரின்ட் கொடுத்தாலும் அதை வாங்கி வரிசையில் நிறுத்தி பிரின்டருக்கு அனுப்புவது அதுதான். அதை நிறுத்தினால் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப் கூட வேலை செய்யாது, அப்புறம் அதற்குக் காரணம் தேடி ஒரு நாள் போகும்.

வாவ்64 அதைவிட அப்பாவி. உங்களிடம் ஏதாவது பழைய 32 பிட் மென்பொருள் இருக்கும். பிரின்டர் டிரைவர் 64 பிட். இரண்டுக்கும் நடுவில் நின்று பேச ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் அது. அச்சடிக்கும்போது எழுந்திருக்கும், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தானே போய்விடும்.

ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடிப்பது எல்லாவற்றையும்விட மோசம். ஃபைல் போய்விடும், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும், வேலைகளைத் தானாகக் கிளப்பும் டாஸ்க் ஷெட்யூலரிலும் அதைக் கூப்பிடும் வரி அப்படியே நிற்கும், அன்இன்ஸ்டால் செய்யப் போனால் அதற்கான ஃபைலே இல்லை என்று கையை விரிக்கும்.

துடைப்பம்:
//ஸ்பூல்எஸ்வி விண்டோஸின் சொந்தப் பிள்ளை//

சொந்தப் பிள்ளைதான், ஆனால் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட பிள்ளை. 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர் (கேடு செய்யும் மென்பொருள்) ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று இதே ஸ்பூலரில் இருந்தது. 2021இல் அதே ஸ்பூலரில் பிரின்ட்நைட்மேர் என்ற இன்னொரு ஓட்டை. அந்த ஜூலையில் மாதாந்திர அப்டேட் நாள் வரை காத்திருக்காமல் மைக்ரோசாஃப்ட் அவசரமாகப் பேட்ச் விட்டது, பேட்ச் வரும் வரை ஸ்பூலரை நிறுத்தி வைக்கும் வழியை அவர்களே சொன்னார்கள். நான் சொன்னால் மட்டும் தப்பா?

வரிசைக்காரன்:
அச்சடிக்காத கணினிக்கு, முக்கியமாக அலுவலக நெட்வொர்க்கின் லாகின்களைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர் மாதிரி சர்வர்களுக்கு, அது சரியான பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் கையில் லேசர் பிரின்டர் இருக்கிறது, அச்சடிக்கிறார். அப்டேட் ஒழுங்காகப் போட்டால் போதும்.

கறுப்புமை:
நடுவில் ஒரு விஷயம். இரண்டு பேரும் பெயரை வைத்தே சண்டை போடுகிறீர்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஸ்பூல்எஸ்வி என்ற பெயரின் கடைசியில் ஒரு 'சி' சேர்த்துத் திரிந்த மால்வேர்கள் உண்டு, அதே பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு ஃபோல்டரில் உட்காருவதும் உண்டு.

டாஸ்க் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். ஸ்பூல்எஸ்வி என்றால் விண்டோஸுக்குள் சிஸ்டம்32இல் இருக்க வேண்டும். வாவ்64 நேராக விண்டோஸ் ஃபோல்டரிலேயே இருக்கும். கம்பெனி மென்பொருள் பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸில், சில சமயம் சிஸ்டம்32க்குள் இருக்கும் ஸ்பூல், டிரைவர்ஸ் ஃபோல்டரில். உங்கள் கணக்குக்குள் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரிலோ தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப்பிலோ இருந்து ஓடுகிறது என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அடுத்து ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் என்ற டேப் இருக்கிறதா, யார் பெயர் என்று பாருங்கள். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் சிலவற்றுக்கு அந்த டேப் இருக்காது, கையெழுத்து தனியாக ஒரு கேட்டலாக்கில் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதில் வெரிஃபை சிக்னேச்சரை ஆன் செய்தால் இரண்டு வகையையும் சரிபார்த்துச் சொல்லும், எது எதைக் கிளப்பிவிட்டது என்பதும் மரம் மாதிரி தெரியும். உண்மையான ஸ்பூலர் சர்வீசஸ்.எக்ஸ்இ என்பதன் கீழேதான் தொங்கும்.

துடைப்பம்:
கையெழுத்து இருந்தால் நல்லவன் என்று அர்த்தமா? வேவு பார்க்கும் அந்தக் கம்பெனி ப்ராசஸ்களும் கையெழுத்தோடுதான் வருகின்றன.

கறுப்புமை:
இல்லை. யார் செய்தது என்று மட்டும்தான் சொல்லும், எதற்குச் செய்தது என்று சொல்லாது. பழைய பிரின்டர்களோடு வந்த சில யுடிலிட்டிகளில் கையெழுத்தே இருக்காது, அதனால் மட்டும் அவை திருடர்களும் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் ஃபைலின் ஹாஷை, அதாவது அதன் கைரேகை மாதிரியான எண்ணை, எடுத்து வைரஸ்டோட்டலில் தேடிப் பாருங்கள், பல வைரஸ் ஸ்கேனர்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் காட்டும் தளம் அது.

பெங்குவின்பக்கம்:
லினக்ஸுக்கு வந்துவிடுங்கள், அங்கே அச்சடிப்பதைக் கவனிக்க கப்ஸ் ஒன்றுதான், இந்தத் தலைவலியே இல்லை.

துடைப்பம்:
2024 செப்டம்பரில், பிரின்டர்களைத் தேடும் கப்ஸ் பிரவுஸ்டில் 631ஆம் போர்ட் வழியாக என்ன ஓட்டை வெளியே வந்தது என்று போய்ப் படித்துவிட்டு வாருங்கள் நண்பரே.

தாள்சிக்கல்:
பார்த்துவிட்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

ஸ்பூல்எஸ்வியும் வாவ்64உம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கின்றன. வாவ்64 ஏன் வருகிறது என்றும் புரிந்தது, கணக்கு எழுத நான் வைத்திருக்கும் மென்பொருள் 32 பிட்டாம். வாயில் நுழையாத பெயர்க்காரர் பழைய இன்க்ஜெட் கம்பெனியின் ஆள், கையெழுத்து சரியாக இருக்கிறது. ஸ்டார்ட்அப்பில் அவரைக் காணோம், டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் செய்யும்போதெல்லாம் கிளம்பும்படி ஒரு டாஸ்க் போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டேட்டஸ் மானிட்டர் புது லேசருடையது.

நான் சந்தேகமே படாத 'பிரின்டர் ஹெல்ப்பர்'தான் ஆப்டேட்டாவில் உட்கார்ந்திருக்கிறது. கையெழுத்து இல்லை. யோசித்துப் பார்த்தால், லேசர் வந்த அன்று டிரைவர் தேடும்போது முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் 'டிரைவர் அப்டேட்டர்' என்று ஒன்றை இறக்கினேன். ஹாஷைப் போட்டுப் பார்த்தால் பல ஸ்கேனர்கள் சிவப்புக் காட்டுகின்றன.

கறுப்புமை:
முதலில் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், பிறகு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில், விண்டோஸ் கிளம்பும் முன்பே ஓடும் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று. பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் ஒரு பார்வை பாருங்கள், இந்த வகை ஆட்கள் தனியாக வருவதில்லை. முக்கியமான பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், அதையும் வேறு கணினியிலிருந்து.

துடைப்பம்:
எல்லாம் குப்பை என்று முதல் வரியிலேயே சொன்னேன்.

வரிசைக்காரன்:
நீங்கள் சொன்னபடி கம்பெனி ஃபோல்டர்களை அழித்திருந்தால் இது மட்டும் தப்பித்திருக்கும், இது எந்தக் கம்பெனி ஃபோல்டரிலும் இல்லையே!

தாள்சிக்கல், இன்க்ஜெட்டை முறையாக அனுப்ப: முதலில் ஆப்ஸ் பட்டியலில் அதன் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள், அந்த டாஸ்க்கும் பெரும்பாலும் அதோடு போய்விடும், போகாவிட்டால் டிசேபிள் செய்யுங்கள். பிரின்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் டிரைவர் உள்ளேயே தங்கிவிடும். பிரின்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் டேபுக்குப் போய், ரிமூவ் கொடுத்தால் டிரைவர் மட்டுமா, பேக்கேஜோடா என்று கேட்கும். பேக்கேஜோடு என்று சொல்லுங்கள். உபயோகத்தில் இருக்கிறது என்று அடம்பிடித்தால் ஸ்பூலரை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு உடனே முயன்று பாருங்கள். கம்பெனிக்காரர்களின் டிஎல்எல் சில, அதாவது வேறு ப்ராசஸுக்குள் ஏறி ஓடும் ஃபைல்கள், ஸ்பூலருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கும், அதனால்தான் வெளியே தனி ப்ராசஸாகத் தெரிவதில்லை.

துடைப்பம்:
பார்த்தீர்களா, கடைசியில் ஸ்பூலரில்தான் வந்து நிற்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் புரொடெக்டட் பிரின்ட் மோட் இருக்கிறது, அதை ஆன் செய்தால் கம்பெனி டிரைவர்களையே உள்ளே விடாது. மைக்ரோசாஃப்டே என் பக்கம்தான்.

வரிசைக்காரன்:
கம்பெனி டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும் என்பதற்கான மோப்ரியா சான்று பெற்ற பிரின்டர் என்றால் மட்டும் அது ஓடும், மற்றவை பட்டியலிலிருந்தே காணாமல் போகும். அவர் லேசர் எந்த மாடல் என்று கேட்காமலே ஆன் செய்யச் சொல்கிறீர்கள், மறுபடியும்.

தாள்சிக்கல்:
ஸ்கேன் ஓடுகிறது, 40 சதவீதம். மாடல் எண் பிரின்டரின் பின்பக்கம் இருக்கிறது, சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை சண்டை போடாமல் இருங்கள்.