பவுலில் இருந்த மயில்

மயில் என்று பெயர் வைத்தது என் மகள். நீல நிற ஃபைட்டர் மீன். வாலை விரித்தால் தோகைதான். இரண்டு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி பவுல், அடியில் கொஞ்சம் கலர் கல், டிவி பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. மார்கழி பிறந்ததும் ஆளே மாறிவிட்டான். காலையில் விளக்கைப் போட்டதும் கண்ணாடி ஓரம் வந்து நிற்பவன், கல்லோடு கல்லாகப் படுத்துக் கிடந்தான். வாலின் ஓரம் பழைய துணி போல நைந்து, நுனி கறுத்திருந்தது. இரையை வாயில் வாங்கி உடனே துப்பினான்.

பதறிப்போய் நான் செய்தது பெரிய தப்பு. தண்ணீர் முழுவதையும் கொட்டி, பவுலைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, அப்போதுதான் குழாயில் வந்த மெட்ரோ தண்ணீரை அப்படியே ஊற்றினேன். வாரா வாரம் அப்படித்தான் செய்துவந்தேன். அன்று இரவு அவன் செவுள் அடித்த வேகத்தைப் பார்த்து மகள் தூங்கவே இல்லை.

மறுநாள் கொளத்தூர் போனேன். சென்னையில் வண்ண மீன் வளர்ப்பவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சின்னக் கடையில் இருந்த தம்பியிடம் போனில் படத்தைக் காட்டி மருந்து கேட்டேன். அவர் மருந்துப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. "தண்ணி எப்படி மாத்துறீங்க அக்கா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பொறுமையாக விளக்கினார்.

ஃபைட்டர் மேலே வந்து காற்றை வாங்கும் மீன். அதனால் பம்பு வேண்டாம், பவுல் போதும் என்று சொல்லி விற்கிறார்கள். மூச்சுக்கு அது சரிதான். ஆனால் மீன் போடும் கழிவும் மிச்ச இரையும் அமோனியாவாக மாறும். அது எங்கே போகும்? பெரிய தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றிவிடும். நான் சோப்புப் போட்டுக் கழுவிய பவுலில் அந்த பாக்டீரியா எப்படிப் பிழைக்கும்? அமோனியாவுக்கு நிறமும் கிடையாது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரிலேயே மீன் வெந்துகொண்டிருக்கும். போதாததற்குக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மார்கழிக் குளிர். இரண்டு லிட்டர் தண்ணீர் ராத்திரியில் சட்டென்று குளிர்ந்துவிடும். இது தாய்லாந்துப் பக்கத்து வயல் மீன், 25 டிகிரிக்குக் கீழே போனால் சுருண்டுவிடும்.

அவர் சொன்னபடி 15 லிட்டர் பிளாஸ்டிக் டப் வாங்கினேன். குளோரின் போக முதல் நாளே வாளியில் திறந்து வைத்த தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பு. அயோடின் உப்பு வேண்டாம் என்றார். தினமும் கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் புதுத் தண்ணீரும் அந்த அளவுக்கான உப்பும் மட்டும். இரண்டு நாள் பட்டினி, அப்புறம் வேளைக்கு இரண்டு குருணை. தெருவில் விழுந்து காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போட்டேன். மறுநாள் தண்ணீர் வடிகட்டிய டீ மாதிரி ஆனது. அந்தச் சாயம் இந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறார்கள், எங்கள் மயிலுக்கும் ஒத்துக்கொண்டது.

ஒன்பதாம் நாள் என்று நினைக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது, நைந்த ஓரத்துக்கு வெளியே வெங்காயச் சருகைவிட மெல்லிசாக, நிறமே இல்லாத ஒரு விளிம்பு தெரிந்தது. புதுத் துடுப்பு! மகளை எழுப்பிக் காட்டினேன். நீலம் ஏற இன்னும் ஒரு மாதம் ஆனது. இப்போது டப்பின் ஓரத்தில் முட்டைக்கான நுரைக்கூடு கட்டுகிறான். பவுலில் இருந்தவரை ஒரு தடவைகூடக் கட்டியதில்லை.

*

உங்கள் மயில் கதையைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது அக்கா. எங்கள் வீட்டில் முடிவு வேறு. நாங்கள் மதுரை. தம்பி பிறந்தநாளுக்கு வந்த இரண்டு கோல்டு ஃபிஷ், உங்களுடையதைப் போலவே ஒரு பவுல். அது ஒரு சாணுக்கு மேல் வளரும் மீன் என்று யாரும் சொல்லவில்லை. பசிக்கிறதோ என்று பார்க்கும்போதெல்லாம் இரை போட்டோம். ஒன்று வயிறு வீங்கி மல்லாக்க மிதந்தது. மூன்று நாள் பட்டினி போட்டு, வெந்த பட்டாணியின் தோலை உரித்து நசுக்கி ஊட்டிப் பார்த்தோம். கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்குள் செதில் எல்லாம் தூக்கிக்கொண்டு அன்னாசிப்பழம் போல ஆகிவிட்டது. அந்த நிலைக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம் என்று பிறகுதான் தெரிந்தது. கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தோம்.

மிஞ்சிய ஒன்றை, பின்வீட்டு அத்தையின் சிமெண்ட் தொட்டியில் விட்டோம். சனிக்கிழமை தோறும் தம்பி போய்ப் பார்க்கிறான். போன வாரம் ஸ்கேல் வைத்து, தண்ணீருக்கு மேலேயே அளந்துவிட்டு வந்தான்: 14 சென்டிமீட்டர்.